முதியோர் குடல்தொற்றில் துணைச் சிகிச்சையாகப் புரோபயாடிக்: ஆய்வுச் சான்றுகளும் தென்காசி வட்டாரச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றுப்போக்குடன் வரும் முதியோருக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல், நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து ஆகியவற்றோடு புரோபயாடிக் குப்பியையோ உறையையோ சேர்த்துத் தருவது தமிழக மருத்துவ நடைமுறையில் இயல்பாகிவிட்டது. இவ்வழக்கத்திற்கு முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் எந்த அளவு ஆதரவு தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கிருமித்தொற்றால் நேரும் வயிற்றுப்போக்கும், மருந்தால் நேரும் வயிற்றுப்போக்கும் வெவ்வேறு நோய்நிலைகள். அவற்றிற்கான சான்றுகளும் வெவ்வேறானவை. வேலூரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இச்சிக்கலுக்கு வேறொரு வழியைக் காட்டியிருப்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புரோபயாடிக், முதியோர் நலம், குடல்தொற்று, உப்புச்சர்க்கரைக் கரைசல், பழையசோறு, தென்காசி

முன்னுரை

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அருகே வயலும் குளமும் சூழ அமைந்த ஊர் இலத்தூர். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது இவ்வூரும் அதன் பகுதியாயிற்று. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வட்டாரம் முழுவதும் குளிர்ந்துவிடும். அருவிக்கு வரும் கூட்டமும் பெருகும். மழைநீர் கழிவோடு கலந்து ஓடும் காலமும் அதுவே. வயிற்றோட்டம், பேதி, கழிச்சல், சீதபேதி என்று ஒரே நோய்க்குடும்பத்தைக் குறிக்க நம் வழக்கில் இத்தனை சொற்கள் இருப்பதே, அந்நோய் எவ்வளவு பழகியது என்பதற்குச் சான்று.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி அரசும் ஊடகமும் நிறையப் பேசியுள்ளன. முதியோரின் வயிற்றுப்போக்கு அவ்வாறு பேசப்படவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்க, ஊரில் முதியோர் மட்டும் இருக்கும் வீடுகள் இலத்தூர் போன்ற ஊர்களில் புதியவை அல்ல. அத்தகைய வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு இரவில் நான்கைந்து முறை வயிற்றால் போனால், காலையில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். யாரேனும் ஒருவர் மருந்துக்கடைக்குச் சென்று மாத்திரையும் ஒரு சிறு குப்பியும் வாங்கி வருவார். அக்குப்பியில் இருப்பது புரோபயாடிக். அது எதற்கு என்று கேட்டால் ‘நல்ல கிருமி’ என்ற விடை வரும். இந்த விடை எவ்வளவு தூரம் உண்மை, யாருக்கு உண்மை என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

சொல்லும் பொருளும்

உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் கூட்டிய வல்லுநர் குழு புரோபயாடிக் என்பதற்கு ஒரு வரையறை தந்தது. உயிருள்ள நுண்ணுயிரிகளாக இருத்தல், போதிய அளவில் கொடுக்கப்படுதல், பெறுபவரின் உடல்நலத்திற்கு நன்மை விளைத்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது புரோபயாடிக் ஆகாது. நன்மை இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒரு நுண்ணுயிரியை இப்பெயரால் அழைப்பதே இவ்வரையறையின்படி பிழையாகும்.

தமிழில் இதனை ‘நலநுண்ணுயிரி’, ‘நன்னுயிரி’ என்றெல்லாம் ஆக்கியுள்ளனர். ஆக்கம் அழகாகவே உள்ளது. எனினும் இச்சொற்களில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘நல்’ என்ற அடை பெயரிலேயே ஒட்டிக்கொள்வதால், நன்மை ஆராயப்படவேண்டிய ஒன்று என்பது மறைந்து, முன்பே முடிவான ஒன்றாகத் தோன்றுகிறது. ஆகவே இக்கட்டுரையில் புரோபயாடிக் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

இக்கருத்தின் தொடக்கம் பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய இலியா மெச்னிகோவ் என்பவரிடம் உள்ளது. 1908இல் நோபெல் பரிசு பெற்ற அவர், முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் நிகழும் அழுகலே என்றும், புளித்த பால் அதனைத் தடுக்கும் என்றும் கருதினார். புரோபயாடிக் சிந்தனை பிறந்ததே முதுமையைக் குறித்த கவலையில்தான். ஆனால் பின்னர் வந்த நூறாண்டு ஆய்வுகளில் பெரும்பகுதி குழந்தைகளிடம் நடத்தப்பட்டது என்பது ஒரு முரண்.

முதியோர் குடலின் தனித்தன்மை

முதியவரின் குடல் இளைஞரின் குடலன்று. வயது ஏற ஏறப் பிஃபிடோபாக்டீரியம் போன்ற சில வகைகள் குறையும் போக்கு பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஆனால் வயது மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அயர்லாந்தில் 178 முதியோரிடம் நடத்தப்பட்டு 2012இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, வீட்டில் வாழ்வோரின் குடல்வாழ் நுண்ணுயிரிகளும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் நுண்ணுயிரிகளும் தெளிவாக வேறுபடுவதையும், அவ்வேறுபாடு உணவோடு தொடர்புடையது என்பதையும் காட்டியது. பலவகைக் காய்கறியும் தானியமும் உண்டவர்களின் குடலில் பன்மையும் மிகுந்திருந்தது.

இதனோடு மருந்துகள் சேர்கின்றன. வயிற்றெரிச்சலுக்காக நாள்தோறும் உண்ணும் அமிலக்குறைப்பு மாத்திரை, இரைப்பையின் அமிலம் என்னும் முதல் காவலைத் தளர்த்துகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் தானே சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்; தொற்றென்று கருதி மருந்து கொடுக்கப்படும் முதியோரில் சிலருக்கு உண்மைக் காரணம் அந்த மாத்திரையாக இருக்கலாம். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர்ப்பெருக்கி உண்பவர் ஏற்கெனவே நீரை இழந்துகொண்டிருப்பவர். முதுமையில் தாக உணர்ச்சி மங்குகிறது. சிறுநீரகத்தின் நீர் சேமிக்கும் திறனும் குறைகிறது. ஆதலால் ஓர் இளைஞர் இரண்டு நாள் சோர்வோடு கடந்துவிடும் வயிற்றுப்போக்கு, முதியவருக்குச் சிறுநீரகப் பழுதில் கொண்டுபோய் விடக்கூடும். முதியோர் குடல்தொற்றில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் கிருமியைவிட நீரிழப்பே. புரோபயாடிக் குறித்த எந்த விவாதமும் இதனை மறந்துவிட்டு நடத்தக்கூடியதன்று.

‘துணை’ என்ற சொல்லின் எல்லை

துணைச் சிகிச்சை என்றால் முதன்மைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று பொருள். இங்கு முதன்மைச் சிகிச்சை உப்புச்சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம் உள்ளது. சோடியமும் குளுக்கோசும் சிறுகுடல் சுவரில் ஒன்றையொன்று கைப்பிடித்து உட்செல்ல, நீர் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது. தொற்றால் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதும் இவ்வழி அடைபடுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

நடைமுறையில் இக்கரைசல் முதியோரிடம் சென்று சேராமைக்கு ஒரு காரணம் அச்சம். ‘சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைத் தண்ணீரா?’, ‘பிரஷர் உள்ளவருக்கு உப்பா?’ என்று வீட்டினரே தடுத்துவிடுவர். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது கடையில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்களில் இருப்பதைவிட மிகக் குறைவு. வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே இழந்த உப்பையே கரைசல் ஈடுசெய்கிறது. இதயச்செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் எவ்வளவு, எவ்வளவு விரைவாக என்பதை மருத்துவர் வரையறுக்கவேண்டும். இன்னொரு தடையும் இருந்தது: ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கி, சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் அட்டைப்பெட்டிகளில் விற்கப்பட்டுவந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அத்தகைய பானங்களில் அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொட்டலம் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்க, பணம் கொடுத்து வாங்கிய குப்பி மட்டும் மூன்று வேளையும் தவறாமல் புகட்டப்படுமானால், அங்கே ‘துணை’ முதன்மையின் இடத்தைப் பிடித்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். புரோபயாடிக்கால் நேரும் மிகப் பரவலான தீங்கு இதுவாகவே இருக்கும் என்பது கட்டுரையாளரின் கருத்து. எந்தப் பக்கவிளைவுப் பட்டியலிலும் இது இடம்பெறுவதில்லை.

கிருமித்தொற்றில் சான்று: 412 பேர்

கடுமையான தொற்று வயிற்றுப்போக்கில் புரோபயாடிக் பயன்படுமா என்பதைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2020இல் புதுப்பிக்கப்பட்டது. 82 ஆய்வுகள், 12,127 பங்கேற்பாளர்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அவர்களுள் 11,526 பேர் 18 வயதுக்குட்பட்டவர்கள். வயதுவந்தோர் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டவர்கள் 412 பேர் மட்டுமே. முதியோர் அந்த 412இல் ஒரு பகுதியே. இத்தனைக்கும் பிறகு தொகுப்பாய்வின் முடிவு, வயிற்றுப்போக்கு 48 மணி நேரத்திற்கு மேல் நீடிப்பதைத் தடுப்பதில் புரோபயாடிக்கால் வேறுபாடு சிறிதும் இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருக்கக்கூடும் என்பதாகும்.

தமிழகக் கடைகளில் மிகுதியாக விற்கும் குப்பியில் இருப்பது பேசில்லஸ் கிளாசி என்னும் பாக்டீரியத்தின் வித்துகள். 5 மில்லிலிட்டரில் 200 கோடி. வித்து என்பதால் இரைப்பை அமிலத்தைத் தாங்கும், குளிர்பதனமும் வேண்டியதில்லை. இதிலுள்ள நான்கு திரிபுகளும் சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு அசைந்துகொடுக்காதவை. ஆகவே அம்மருந்துகளோடு ஒருசேரத் தரலாம் என்பது இதன் கவர்ச்சி. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வயிற்றுப்போக்கின் காலம் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் குறைவதாகக் கண்டது. ஒன்பது மணி நேரம் என்பது அற்பமன்று. எனினும் அது குழந்தைகளிடம் கண்டது. எழுபது வயதில், நீரிழிவோடும் நான்கு மாத்திரைகளோடும் வாழ்பவருக்கு அதே பயன் கிட்டும் என்று கருதுவதற்கு நேரடிச் சான்று கையில் இல்லை.

இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வுகளும் இவ்வாறே. கொல்கத்தாவில் 1 முதல் 5 வயது வரையிலான 3,758 குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா சேர்ந்த பானத்தைக் கொடுத்து நடத்திய ஆய்வு, 2011இல் வெளியானது. வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது. ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் திரிபையும் அதற்கான நார்ச்சர்க்கரையையும் ஒருவாரம் கொடுத்தபோது, குருதித்தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9.0 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்ததாக 2017இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. உலகமே வியந்த ஆய்வு அது. ஆனால் அதில் பயன் தந்தது குறிப்பிட்ட ஒரு திரிபு, குறிப்பிட்ட வயதில். ஒரு திரிபின் வெற்றியை மற்றொரு திரிபின் கணக்கில் எழுதுவது, ஒரு மாணவரின் மதிப்பெண்ணை அவருடைய தம்பிக்குப் போடுவதைப் போன்றது.

மருந்தால் நேரும் வயிற்றுப்போக்கில் சான்று

முதியோரிடம் நேரடியாக ஆராயப்பட்ட பகுதி இதுவே. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து நோய்க்கிருமியை அழிக்கும்போது குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. அவ்வெற்றிடத்தில் குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்னும் வித்துருவாக்கும் பாக்டீரியம் பெருகி நஞ்சைச் சுரந்தால், கடும் பெருங்குடல் அழற்சி உண்டாகலாம். 65 வயதைக் கடந்தவர்களே இதற்கு எளிதில் இரையாகின்றனர். இயல்பான நிலையில் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை வேறு வடிவத்திற்கு மாற்றி இக்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்துவைக்கின்றன. குடியிருப்போர் போனபின் அத்தடையும் போய்விடுகிறது.

இங்கு இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பது பயனுடையது. முதலாவது 2007இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. லண்டன் மருத்துவமனைகளில் 135 நோயாளிகள். சராசரி வயது 74. லாக்டோபேசில்லஸ் சேர்ந்த தயிர்ப்பானம் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுக் குழுவில் 34 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. டிஃபிசில் தொற்று பானம் பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. மற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கு வந்தது. இவ்வளவு பெரிய பயனைக் காட்டிய ஆய்வு மருத்துவமனை நடைமுறைகளையே மாற்றியிருக்கவேண்டும். ஆனால் ஆய்வுக்குப் பரிசீலிக்கப்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பல காரணங்களால் விலக்கப்பட்டிருந்தனர். ஒப்பீட்டுக் குழுவுக்குத் தரப்பட்டதும் பால்பானமே. பாற்சர்க்கரை செரியாத முதியோருக்குப் பாலே வயிற்றுப்போக்கைக் கூட்டியிருக்கலாம் என்ற திறனாய்வு எழுந்தது.

இரண்டாவது ஆய்வு ‘பிளாசிட்’ என்று பெயர்பெற்றது. வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் ஐந்து மருத்துவமனைகளில், நுண்ணுயிர் எதிர்ப்பி பெற்ற 65 வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 3,000 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள் சேர்ந்த 6,000 கோடி நுண்ணுயிரிகள் நாள்தோறும் 21 நாட்கள் தரப்பட்டன. வயிற்றுப்போக்கு, புரோபயாடிக் பெற்றவர்களில் 10.8 விழுக்காடு, வெறுமாத்திரை பெற்றவர்களில் 10.4 விழுக்காடு. டிஃபிசில் வயிற்றுப்போக்கு 0.8 விழுக்காடும் 1.2 விழுக்காடும். வேறுபாடு இல்லை என்பதே முடிவு.

எதனை நம்புவது? பெரிய ஆய்வை நம்பி விவாதத்தை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டாம் ஆய்வில் டிஃபிசில் நோய் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தோன்றியது. நூற்றுக்கு ஒருவருக்கே வரும் நோயைப் பாதியாகக் குறைத்தாலும், இருநூறு பேருக்குக் கொடுத்தால்தான் ஒருவர் தப்புவார். 2017ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வு இந்நுட்பத்தைப் பிரித்துக் காட்டியது. 31 ஆய்வுகளில் 8,672 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, டிஃபிசில் வயிற்றுப்போக்கு 4.0 விழுக்காட்டிலிருந்து 1.5 ஆகக் குறைந்தது. ஆனால் நோய் வாய்ப்பு ஏற்கெனவே 5 விழுக்காட்டுக்கு மேலிருந்த ஆய்வுகளில் மட்டுமே பயன் தெளிவாகத் தெரிந்தது, அங்கு 11.6 விழுக்காடு 3.1 ஆயிற்று. நோய் அரிதாக இருந்த ஆய்வுகளில் பயன் தென்படவில்லை.

ஆகவே கேள்வி, ‘புரோபயாடிக் வேலை செய்யுமா’ என்பதிலிருந்து ‘இந்த மருத்துவமனையில், இந்த மருந்தை உண்ணும் இவருக்கு நோய் வாய்ப்பு எவ்வளவு’ என்பதாக மாறுகிறது. இங்கேதான் நம் சூழல் தடுமாறுகிறது. டிஃபிசில் நஞ்சுச் சோதனை பெரிய மருத்துவமனைகளுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. வாய்ப்பை அளக்காமல் தடுப்பின் பயனை அளக்க முடியாது.

வந்துவிட்ட டிஃபிசில் தொற்றுக்குத் துணைச் சிகிச்சையாகச் சாக்கரோமைசீஸ் பொலார்டி என்னும் ஈஸ்ட் ஆராயப்பட்டுள்ளது. 1920களில் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி பொலார்டு, காலரா பரவிய இந்தோசீனாவில் மக்கள் குடித்த பழத்தோல் கசாயத்தைக் கண்டு, லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். ஈஸ்ட் ஆதலால் பாக்டீரியக்கொல்லி மருந்துகள் இதனைத் தீண்டுவதில்லை. டிஃபிசிலின் நஞ்சைச் சிதைக்கும் நொதியையும் இது சுரக்கிறது. 1994இல் 124 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தொற்று மீண்டும் மீண்டும் வந்தவர்களுள் மறுபடி நோயுற்றோர் 65 விழுக்காட்டிலிருந்து 35 ஆகக் குறைந்தனர். முதன்முறை தொற்றுற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பின்வந்த ஆய்வு இம்முடிவை முழுமையாக உறுதிசெய்யவில்லை. அமெரிக்கக் குடலியல் சங்கம் 2020இல், டிஃபிசில் தொற்றின் சிகிச்சைக்குப் புரோபயாடிக்கை ஆய்வுச்சூழலில் மட்டுமே பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. தடுப்புக்கு மட்டும் சில திரிபுகளை நிபந்தனையோடு ஏற்றது. அந்நாட்டின் இன்னொரு குடலியல் கல்லூரியோ 2021இல் தடுப்புக்கும் வேண்டாம் என்றது. ஒரே சான்றுகளைப் படித்த இரு வல்லுநர் அவைகள் இருவேறு திசையில் நிற்கின்றன.

வேலூர் காட்டிய வேறு வழி

வெளியிலிருந்து நுண்ணுயிரியைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, உள்ளே இருப்பவற்றுக்கு உணவளித்து வேலை வாங்கினால் என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் இவ்வினாவைக் காலரா நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். முடிவு 2000இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளிவந்தது. பதின்வயதினரும் வயதுவந்தோருமாக 48 நோயாளிகள் பதினாறு பதினாறு பேராக மூன்று குழுக்களாயினர். ஒரு குழுவுக்கு வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசல். இரண்டாம் குழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு சேர்ந்த கரைசல். மூன்றாம் குழுவுக்குச் சிறுகுடலில் செரியாத மக்காச்சோள மாவுப்பொருள் 50 கிராம் சேர்ந்த கரைசல்.

செரியாத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்தது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கின. அவ்வமிலங்கள் பெருங்குடல் சுவரின் வழியே சோடியத்தையும் அதனோடு நீரையும் உள்ளிழுத்தன. சிறுகுடலில் இழந்ததைப் பெருங்குடல் மீட்டது. வயிற்றுப்போக்கின் சராசரி நீட்சி வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்கு 90.9 மணி நேரம்; அரிசிமாவுக் கரைசலுக்கு 70.8, செரியாத மாவுப்பொருளுக்கு 56.7.

எண்ணிக்கையில் சிறிய ஆய்வு, முதியோருக்கென்று நடத்தப்பட்டதுமன்று. ஆயினும் இதன் தருக்கம் முதியோருக்கு மிகவும் பொருந்துவது. உயிருள்ள நுண்ணுயிரியைக் கொடுப்பதால் வரும் இடர் இதில் இல்லை. நீரிழப்பு என்னும் முதன்மைச் சிக்கலையே இது நேராகத் தாக்குகிறது. நுண்ணுயிரி குறித்த சிந்தனையும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் போட்டியிடாமல் ஒரே குவளையில் சேர்கின்றன. புரோபயாடிக் விளம்பரங்கள் பெற்ற கவனத்தில் ஒரு பங்கையேனும் இது பெறாமல் போனதற்கு அறிவியல் காரணம் எதுவும் தெரியவில்லை. மாவை உரிமைப்பொருளாக விற்பது கடினம் என்பது காரணமாயிருக்கலாம்.

பழையசோறும் மோரும்

இலத்தூர் வயல்வெளியில் காலை உணவு பழையதும் நீத்தண்ணியுமாக இருந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழையசோற்றைத் துணை உணவாகக் கொடுத்து ஆராயும் திட்டத்தை மேற்கொண்டதும், ‘பழையதே புரோபயாடிக்’ என்ற முழக்கம் எங்கும் கேட்டது. இங்கு நிதானம் வேண்டும். பழையசோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. சமைத்து ஆறிய சோற்றின் மாவுப்பொருளில் ஒரு பகுதி செரியாத வடிவத்திற்கு மாறுவதும் உண்மை. வேலூர் ஆய்வோடு இதற்கு உறவு உண்டு. ஆயினும் எத்திரிபு, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். 2001ஆம் ஆண்டு வரையறையின்படி அதனைப் புளித்த உணவு எனலாம். புரோபயாடிக் என்று சொல்ல இன்னும் இடமில்லை.

அதன்றியும், நோயுற்ற முதியவருக்கு அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும்போது அவை முளைத்து வாந்தி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஊற்றிய நீர் தூய்மையற்றதாயின் தொற்று அதன்வழியாகவும் வரும். நலமாயிருக்கும் நாளில் பழையது நல்ல உணவு. வயிற்றுப்போக்கு வந்த நாளில் அப்போது காய்ச்சிய உப்புக்கஞ்சியே தக்கது. கொதித்தாறிய நீர்விட்ட மோர், பாற்சர்க்கரை ஒத்துக்கொள்வோருக்கு நல்ல நீர்மம். இவற்றை மருந்தென்று உயர்த்தவும் வேண்டா. மூடநம்பிக்கையென்று தள்ளவும் வேண்டா.

இடரும் சிட்டையும்

பெரும்பாலான முதியோருக்குப் புரோபயாடிக் தீங்கற்றது. ‘பெரும்பாலான’ என்ற சொல்லை விட்டுவிடக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மையச்சிரைக் குழாய் பொருத்தப்பட்டவர்களிடம் சாக்கரோமைசீஸ் குருதியில் கலந்து தொற்றாகிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளிகள் 298 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். புற்றுநோய் மருந்து பெறுவோர், நோயெதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்து உண்போர், தீவிர சிகிச்சையில் இருப்போர் ஆகியோருக்கு இக்குப்பி ‘சும்மா ஒரு சத்து’ அன்று. மேலும், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், நுண்ணுயிர் எதிர்ப்பிக்குப் பின் பலதிரிபுப் புரோபயாடிக் உண்டவர்களிடம் தம் சொந்தக் குடல்வாழ் நுண்ணுயிரிகள் மீண்டுவரத் தாமதமாயிற்று. வந்த விருந்தாளி வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் உணவுப் புரோபயாடிக்குகளை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை 2011இல் வகுத்தன. 2016ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் நாளொன்றுக்குரிய அளவில் 10 கோடிக்குக் குறையாத உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்கவேண்டும் என்கின்றன. சிட்டையில் பார்க்கவேண்டியது பேரினம், சிற்றினம் மட்டுமன்று. திரிபின் குறியீடும், காலாவதி நாள் வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கையும் ஆகும். இவை அச்சிடப்படாத உறையில் இருப்பது எந்த ஆய்வில் சோதிக்கப்பட்டது என்று யாராலும் கூற இயலாது.

செய்யப்படவேண்டிய ஆய்வு

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை பெறும் முதியோரின் வீடுகள் களப்பணியாளர்களுக்குத் தெரிந்தவையாகியுள்ளன. புரோபயாடிக் ஆய்வுகளில் இதுவரை விடுபட்டவர்கள் இவர்களே. சாரல் பருவத்தில் தென்காசி, செங்கோட்டை வட்டாரங்களில் வயிற்றுப்போக்குறும் 60 வயதுக்கு மேற்பட்டோரை மூன்று குழுக்களாகப் பிரித்து, அனைவருக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஒரு குழுவுக்கு வெறுமருந்தும், ஒரு குழுவுக்குத் திரிபு குறிக்கப்பட்ட புரோபயாடிக்கும், ஒரு குழுவுக்குச் செரியாத மாவுப்பொருள் சேர்ந்த கரைசலும் அளித்து ஒப்பிடலாம். அளக்கவேண்டியவை எத்தனை முறை கழிந்தது என்பது மட்டுமல்ல. கிரியேட்டினின் அளவு, மருத்துவமனைச் சேர்க்கை, எழுந்து நடமாடத் தொடங்கிய நாள், உண்மையில் குடித்த கரைசலின் அளவு ஆகியவையும் பதிவாகவேண்டும். குப்பி கையிலிருப்பதால் கரைசல் குடிப்பது குறைகிறதா என்பதற்கும் இக்கடைசி அளவே விடை தரும்.